வேதனை தெரியவில்லை

தமேஷா கில்லியம் கதவைத் திறந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளை பெற்று ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் இஸ்திரி போட்ட மஞ்சள் கவுன், உதட்டுச் சாயம், காதில் முத்துத் தோடு. நெற்றியோரத்துச் சின்ன முடிகளை ஜெல் தடவி ஒவ்வொன்றாக வளைத்துப் படிய வைத்திருந்தாள். வீடு முழுக்கத் தரை துடைக்கிற மருந்தின் வாசனை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பச்சை உடம்புக்காரி யாராவது இப்படி நிற்பாளா?

"வாங்க மிஸ் வெர்லீன், உள்ள வாங்க. டீ ஊத்தட்டுமா? ஐஸ் போட்டு ரெடியா வச்சிருக்கேன்."

"நீ ஒண்ணும் ஊத்த வேணாம். மொதல்ல உக்காரு. பிள்ள பெத்தவ எழுந்து நர்ஸுக்கு டீ ஊத்தணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?"

சிரித்தாள். பல்வரிசை முழுதும் தெரிகிற மாதிரி, அளவெடுத்த சிரிப்பு. அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். அலபாமாவில் பிறந்த கறுப்புப் பெண் ஒவ்வொருத்தியிடமும் அது ஒன்று இருக்கும். ஆஸ்பத்திரிக்கும், வங்கிக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் போகும்போது எடுத்துப் போட்டுக்கொள்வோம்.

நான் வீடு வீடாகப் போகிற நர்ஸ். எங்கள் மாவட்டத்துப் பிரசவ வார்டை இழுத்து மூடி ஒன்பது வருடமாகிறது. பிள்ளை பெற வேண்டுமென்றால் மாண்ட்கோமரிக்கு ஐம்பத்திரண்டு மைல் போக வேண்டும். பெற்ற இரண்டாம் நாளே குழந்தையையும் ஒரு பை நாப்கினையும் கையில் கொடுத்து, ஆறு வாரம் கழித்து வா என்று அனுப்பிவிடுவார்கள். பிரசவத்தை ஒட்டிச் சாகிற எங்கள் பெண்களில் பாதிப் பேர் அந்த ஆறு வாரத்துக்குள்தான் செத்துப் போகிறார்கள். வெள்ளைக்காரி ஒருத்தி சாகிற இடத்தில் எங்களில் மூன்று பேர். கூட்டங்களில் இதைச் சொன்னால் எல்லோரும் தலையைத் தலையை ஆட்டுகிறார்கள். அப்புறம் மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்து போகிறார்கள். நான் கூட்டங்களுக்குப் போவதை விட்டுவிட்டேன். ஒரு பழைய கார், ஒரு தராசு, ரத்த அழுத்தம் பார்க்க ஒரு பிரஷர் பட்டை, இவ்வளவுதான் என் ஆபீஸ்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆன மூத்தவர்களையும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். தமேஷாவின் மாமியார் மிஸ் லவோனியா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே அடுப்பில் கீரையைக் கிளறிக்கொண்டிருந்தார். கூடவே வான்கோழிக் கழுத்து வெந்துகொண்டிருந்த வாசனை. மகன் லாரி ஓட்டி டெக்சாஸ் பக்கம் போயிருந்தான். அவன் வரும்வரை மருமகளுக்குக் காவல் இவர்தான்.

குழந்தையை வாங்கி எடை பார்த்தேன். நேவா என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறந்த எடையைத் தாண்டிவிட்டது. தராசில் கிடத்தியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"பால் நல்லா குடிக்குது. நீதான் சாப்பிடுறியான்னு தெரியல. தூங்குறியா?"

"தூங்குறேன் மேம்."

"தலவலி?"

"இல்ல மேம்."

"கண்ணு மங்கலா தெரியுதா, நெஞ்சுக்குக் கீழ வலி ஏதாவது?"

"இல்ல மேம். ரொம்ப நல்லா இருக்கேன் மேம்."

நான் எழுதிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் நேரே இல்லை, இல்லை, இல்லை. கீழே ஒரு கட்டம் உண்டு: நோயாளியின் தோற்றம். 'நேர்த்தியாக இருக்கிறார், இனிமையாகப் பேசுகிறார், வேதனை தெரியவில்லை.' இருபத்தாறு வருடமாக எழுதி எழுதிப் பழகிய வரி. பிரஷர் பட்டையைப் பையிலிருந்து எடுக்கும் முன்னரே பேனா அந்த வரியைப் பாதி எழுதிவிட்டது. என்னை என்ன சொல்வது. எந்த வரியை என் கை எழுதக்கூடாதோ அதையே எழுதுகிறது.

அப்போது குழந்தையை வாங்குவதற்காக அவள் இடது கையை நீட்டினாள். கல்யாண மோதிரத்துக்கு இரண்டு பக்கமும் விரல் பிதுங்கி நின்றது. நுனி கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"இந்த மோதிரத்த எப்ப போட்ட?"

"எப்பவும் போட்டிருக்கிறதுதான் மேம்."

"பொய் சொல்லாதடி," என்றார் மிஸ் லவோனியா அடுப்படியிலிருந்து. "நாலு மாசமா அது உன் கழுத்துச் செயின்லல்ல தொங்கிட்டு இருந்துச்சு. இன்னைக்குக் காலைல சோப்பு போட்டு, எண்ணெ போட்டு, அவ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்னு மாடு புடிக்கிற மாதிரி புடிச்சுல்ல ஏத்துனோம்."

"அத்தே!"

"என்ன அத்தே? நர்ஸ் கேக்குறாங்க, சொல்றேன்."

"எதுக்குடி கண்ணு ஏத்துன?" என்றேன்.

தமேஷா குழந்தையின் தொப்பியைச் சரி செய்தாள். "நீங்க வர்றீங்கன்னு. கல்யாணம் ஆனவன்னு தெரியணும்ல."

எனக்கு வந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இதை யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் எவளுக்கும் பதில் தெரியாது. பிள்ளைக்கு ஜுரம் வந்தாலும் சரி, நமக்கே உயிர் போனாலும் சரி, முதலில் குளி. நல்ல உடுப்பைப் போடு. தலையைச் சீவு. மோதிரம் வெளியே தெரிகிற மாதிரி கையை வை. என்ன வேலை பார்க்கிறாய் என்று அவர்கள் கேட்பதற்குள் நீயே சொல்லிவிடு. அப்படிப் போனால்தான் மனுஷியாக நினைப்பார்கள். இல்லாவிட்டால் போதை மாத்திரைக்கு வந்தவள், அப்பன் பேர் தெரியாத பிள்ளைக்காரி என்று ஓரமாக உட்கார வைப்பார்கள். நாங்கள் எல்லோரும் இதைச் செய்கிறோம். நான் நர்ஸ், என் பல்லைப் பிடுங்கப் போகும்போதுகூட முத்துமாலை போட்டுக்கொண்டு போனவள்.

பட்டையை அவள் கையில் சுற்றினேன். நூற்று அறுபத்தெட்டு, நூற்றுப் பன்னிரண்டு. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, அவளைச் சாய்ந்து உட்காரச் சொல்லி, கொஞ்ச நேரம் விட்டு மறு கையில் பார்த்தேன். நூற்று எழுபது, நூற்றுப் பத்து.

"வீடு தொடச்சேன்ல, அதான் மேம்," என்றாள்.

"வீடு தொடச்சா இவ்ளோ வராது கண்ணு. உண்மையச் சொல்லு. தல வலிக்குதா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மிஸ் லவோனியா கரண்டியோடு கூடத்துக்கே வந்துவிட்டார். "நேத்துலேருந்து மூணு பொட்டலம் தலவலிப் பொடி போட்டிருக்கா. காலைல பாத்ரூம்ல தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்து, அத்தே, மண்ட பொளக்குது, செத்துருவேன் போலன்னு சொன்னா. நான் சொன்னேன், நர்ஸ்கிட்ட சொல்லுடின்னு. கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்குதாம்."

தமேஷாவின் சிரிப்பு அப்போதுதான் போயிற்று. அது போனதும் முகம் வீங்கியிருப்பது எனக்குத் தெரிந்தது. வந்ததிலிருந்து என் எதிரிலேயே இருந்த முகம்தான். இருபத்தாறு வருட அனுபவத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே," என்றேன்.

"மாட்டேன்."

"தமேஷா."

"மாட்டேன் மிஸ் வெர்லீன். அங்க நான் போக மாட்டேன்." குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "பிரசவத்தப்ப ரெண்டாவது தடவ வலிக்கு மருந்து கேட்டதுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா? என்னக் கேக்காமலே என் மூத்திரத்த எடுத்து போதை டெஸ்ட் பண்ணாங்க. நான் நாலாங் கிளாஸ் டீச்சர். அவங்க பிள்ளைங்களுக்கே பாடம் சொல்லிக் குடுப்பேன். எங்க சித்தி மக இப்படித்தான் தலவலின்னு போனா. வீடு சரியில்ல, தாயி சரியில்லன்னு எழுதி, பிள்ளைங்க நலம் பாக்குற ஆபீஸ்லேருந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போக வீட்டுக்கு வந்துட்டாங்க. நீங்ககூட எழுதத்தானே வந்தீங்க? நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், வந்ததுலேருந்து எழுதிட்டே இருக்கீங்க."

அதனால்தான் வீடு துடைத்திருக்கிறாள். மண்டை பிளக்கிற வலியோடு, மண்டியிட்டு, என் கண்ணில் ஒரு தூசி படக்கூடாது என்று. அவளுக்கு நானும் அந்த எழுதுகிறவர்களில் ஒருத்தி. என் தோல் அவள் தோலைவிட ஒரு பிடி கறுப்பு. அப்படியும் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். மாவட்டத்துக்கு இரண்டு வண்டி. ஒன்று ரிப்பேர், இன்னொன்று முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தது. ஐம்பது நிமிடம் ஆகும் என்றாள் பேசியவள். ஐம்பது நிமிடத்தில் நானே கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். நோயாளியைச் சொந்தக் காரில் ஏற்றக்கூடாது என்பது விதி. விதியை எழுதியவன் ஐம்பத்திரண்டு மைல் ஓட்டிப் பார்க்கட்டும்.

ஆனால் இவள் எழுந்தால்தானே. இந்தப் பிரஷரில் எந்த நிமிடமும் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கலாம். அதை எல்லாம் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அதெல்லாம் ஆபீஸ் பேச்சாக அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். கடைசியில், யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. கார்லெட்டா. பதினாலு வருஷம் ஆச்சு. பிள்ள பெத்து ஒம்பதாம் நாளு எனக்குப் போன் பண்ணா. நான் அப்ப அட்லாண்டால வேல. அக்கா தல வலிக்குதுன்னா. நான் உடனே ஆஸ்பத்திரிக்குப் போடின்னு சொன்னேன்."

"அவங்க போகலயா?" என்று கேட்டாள் தமேஷா.

"போனா. நான் என்ன சொல்லி அனுப்புனேன் தெரியுமா? இருக்குற மாதிரியே போயிடாத, குளிச்சிட்டுப் போ. தலைய நல்லா கட்டு. அந்த நீலக் கவுனப் போடு. மெதுவா பேசு, அழாத, தாங்க முடியலன்னு மட்டும் சொல்லிடாத, அடாவடிக்காரின்னு எழுதிடுவாங்க. நான் உள்ளேயே வேல பாக்குறவ இல்ல? எனக்குத் தெரியும்ல? சொன்னது எல்லாத்தையும் அப்படியே பண்ணா. ரெடியாகவே ரெண்டு மணி நேரம் ஆச்சாம். ஆஸ்பத்திரில அவ்ளோ நேரம்கூட வைக்கல. ரெண்டு மாத்திரையக் குடுத்து அனுப்பிட்டாங்க. மறுநாள் காலைல அடுப்படில விழுந்துட்டா."

மிஸ் லவோனியா கரண்டியை மேஜைமேல் வைத்தார்.

"அவ கேஸ் ஷீட்ட நான் வாங்கிப் படிச்சேன். நேர்த்தியா இருக்கார், இனிமையா பேசுறார், வேதனை தெரியலன்னு எழுதியிருந்துச்சு." என் நோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். "இன்னைக்கு உன்னப் பத்தி நான் என்ன எழுதியிருக்கேன்னு படிச்சுப் பாரு."

படித்தாள். அரை வரிதான். படித்து முடித்து, குழந்தையின் உச்சியில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் முகர்ந்துவிட்டு, மாமியாரிடம் நீட்டினாள். குழந்தை கை மாறியதும் அவளுடைய கவுனின் முன்பக்கம் நனைந்துவிட்டது. பால்.

"இத மாத்திட்டு வந்துடுறேன் மேம். ஒரே நிமிஷம்."

"மாத்தாத. அப்படியே வா."

சாலையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். வெளிச்சம் குத்துகிறது என்றாள். என் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தேன். ஒரு கையால் ஸ்டீயரிங்கும் மறு கையால் அவள் மணிக்கட்டுமாக ஓட்டினேன். பருத்திக் காடுகளும் மீன் குளங்களும் போய்க்கொண்டிருந்தன. எல்லாக் கடவுளையும் திட்டினேன். பிறகு எங்களுக்கு இருப்பது ஒரே கடவுள் என்று நினைவு வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"உங்க தங்கச்சி எப்படி இருப்பாங்க?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"என்னவிட அழகு. அது அவளுக்கே தெரியும், அதான் தொல்ல."

"கோபக்காரங்களா, உங்கள மாதிரி?"

"யாருடி கோபக்காரி?"

லேசாகச் சிரித்தாள். இது அந்தச் சிரிப்பு இல்லை.

கார்லெட்டாவைப் பற்றி யாராவது கேட்டு எத்தனை காலமாயிற்று. சாலையோரம் பீச் பழம் விற்கிறவனைப் பார்த்தால் இன்றைக்கும் இரண்டு கூடை வாங்கிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்த பிறகுதான் இரண்டாவது கூடைக்கு ஆள் இல்லை என்பது உறைக்கிறது. அவள் முகம் படத்தில் இருக்கிறது. குரல்தான் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியாகப் பேசிய அந்தப் பேச்சை எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். பதினொரு நிமிடத்தில் பத்து நிமிடம் நான்தான் பேசியிருக்கிறேன். சரிக்கா, சரிக்கா என்பதைத் தவிர அவள் பேசினது எதுவும் எனக்கு மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சக்கர நாற்காலி கொண்டுவர ஓடினேன். திரும்பி வருவதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். வந்து பார்த்தால், தமேஷா சீட்டுக்கு மேலே இருந்த முகம் பார்க்கிற கண்ணாடியைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு உதட்டுச் சாயம் பூசி முடித்திருந்தாள். நனைந்த இடத்தை மறைக்கப் பின்சீட்டில் கிடந்த என் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டு, எல்லாப் பொத்தானையும் மாட்டியிருந்தாள். சாயம் துளிகூட ஓரம் தாண்டவில்லை. எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

அவசரப் பிரிவில் வருகிறவர்களை வரிசைப்படுத்தும் மேஜையில் இருந்த நர்ஸ் எங்கள் இனத்துப் பிள்ளைதான். முப்பது வயதுகூட இருக்காது. நீளமாகப் பின்னிய சடைகள், பேட்ஜில் கியானா என்று பெயர். மனதுக்குள் அப்பாடா என்று சொல்லிக்கொண்டேன்.

"என்ன செய்யுது மேம்?" என்று தமேஷாவிடம் கேட்டாள்.

"குட் மார்னிங். நான் மிஸஸ் கில்லியம். டீச்சரா இருக்கேன். கொஞ்சம் தலவலி, அவ்ளோதான். உங்களுக்குத் தொந்தரவு குடுக்குறதுக்கு மன்னிச்சுக்குங்க," என்றாள் தமேஷா. வீட்டில் யாரிடமும் பேசாத, தேன் தடவிய குரல்.

"வலி பத்துக்கு எத்தன?"

"நாலு இருக்கும் மேம்."

"ஆறு நாள் முன்னாடி பிள்ள பெத்தவ," என்று நான் குறுக்கே புகுந்தேன். "பிரஷர் நூத்தி எழுபது, நூத்திப் பத்து. நான் நர்ஸ், நானே ரெண்டு கையிலயும் பாத்தேன். கிளம்புறப்பவே போன்லயும் சொல்லியிருக்கேன்."

கியானா தமேஷாவைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். முத்துத் தோடு, படிந்த முடி, பொத்தான் மாட்டிய ஸ்வெட்டர். "வீட்டு மெஷின் கொஞ்சம் கூடத்தான் காட்டும் மேம். பாக்க நல்லாத்தான் இருக்காங்க. முன்னாடி நாலு பேர் இருக்காங்க, அங்க உக்காருங்க, கூப்பிடுறேன்."

எங்கள் பிள்ளை. எங்கள் சர்ச்சில் பாட்டுப் பாடி, எங்கள் கையால் சாப்பிட்டு வளர்ந்த மாதிரி ஒரு பிள்ளை. அவளுக்கு இந்த வேஷம் தெரியாதா? அவளும் தினமும் கண்ணாடி முன்னால் நின்று இதே வேஷத்தைப் போட்டுக்கொண்டுதானே வேலைக்கு வருகிறாள்? ஆனால் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே கண்தான் வந்துவிடுகிறது. எனக்கு வரவில்லையா, காலையில்?

நான் கத்தியிருக்கலாம். நன்றாகக் கத்தவும் தெரியும். கத்தினால் காவலாளியைக் கூப்பிடுவார்கள். என்னை வெளியே நிறுத்திவிட்டு இவளை அந்த நாலு பேருக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். தமேஷாவின் முன்னால் குனிந்தேன். வலது கண்ணிமை லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. நேரமில்லை.

"கண்ணு, நாலா?"

அவள் காத்திருந்தவர்கள் பக்கம் பார்த்தாள்.

"காலைல பாத்ரூம்ல அத்தைகிட்ட என்ன சொன்ன? அத இந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. அதே மாதிரி சொல்லு."

"எல்லாரும் பாக்குறாங்க மிஸ் வெர்லீன்."

"பாக்கட்டும்."

"என்னப் பத்தி எழுதிடுவாங்க."

"எழுதட்டும்டி. பைத்தியம்னு எழுதட்டும், அடாவடின்னு எழுதட்டும். என்ன வேணா எழுதிக்கட்டும். நேவா அங்க பாலுக்குக் காத்துக்கிட்டு இருக்கா."

தமேஷா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். உள்ளங்கையால் வாயை ஒரு தேய் தேய்த்தாள். சாயம் கன்னம் வரை இழுத்துக்கொண்டு போயிற்று. பிறகு வாயைத் திறந்து கத்தினாள்.

"என் மண்ட வெடிக்குது! பத்துக்குப் பத்து! கண்ணு தெரியல எனக்கு! நான் சாகப் போறேன், என் பிள்ளைக்கு ஆறு நாளுதான் ஆகுது, யாராவது வாங்களேன்!"

கையில் துண்டு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு ஆள் எழுந்தே நின்றுவிட்டார். காவலாளி இரண்டடி எடுத்து வைத்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றான். கியானா நாற்காலியைத் தள்ளிவிட்டு மேஜையைச் சுற்றி ஓடி வந்தாள். அவளே பட்டையைச் சுற்றினாள், அவளே எண்ணைப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்று நாலு, நூற்று இருபத்திரண்டு. அவள் முகம் சாம்பலாகிப் போயிற்று. சுவரில் இருந்த பொத்தானை அடித்தாள். அதன் பிறகு எல்லாம் ஓட்டம்தான். இரண்டு கதவு திறந்தது, நாலு பேர் வந்தார்கள், நாற்காலி படுக்கையாயிற்று. மருத்துவர் ஒருத்தி நடந்துகொண்டே மருந்துகளின் பெயரைச் சொன்னாள். பிரஷரை இறக்க ஒன்று, வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம்.

என்னைத் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றேன். மிஸ் லவோனியாவுக்குப் போன் செய்து, உள்ளே எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். அந்தப் பக்கம் அவர் அழுதாரா, பாடினாரா, தெரியவில்லை. இரண்டும் கலந்த மாதிரி இருந்தது.

அரை மணி நேரம் கழித்துக் கியானா வெளியே வந்தாள். "இறங்குது மேம். நூத்தி அம்பதுக்கு வந்துடுச்சு. வலிப்பு வரல. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா..." நிறுத்திவிட்டு, என் செருப்பைப் பார்த்தாள். "பாக்க நல்லா இருந்தாங்க மேம். நான் நெனச்சேன்..."

"தெரியும்," என்றேன். அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திட்டவும் யோக்கியதை இல்லை. "நானும் காலைல அதையேதான் எழுதினேன். போ, அவ பக்கத்துல நில்லு."

அவள் போன கொஞ்ச நேரத்தில் திரைக்கு உள்ளே சத்தம் ஆரம்பித்தது. மெக்னீசியம் ஏறும்போது உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருக்கும். முகம் காந்தும், நாக்கு வறளும். நூற்றுக்கணக்கான பேருக்கு ஏற்றியிருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு, பரவாயில்லை மேம் என்பார்கள்.

தமேஷா அப்படிச் சொல்லவில்லை.

"என்ன கருமத்த ஏத்துறீங்க என் கையில? எரியுது! ஏய், ஒன்னத்தான், ஐஸ் குடு! ஒரு துண்டு ஐஸ் குடுக்குறதுக்குக் கவர்னர்கிட்ட கையெழுத்து வாங்கணுமா? யாரு இந்தப் போர்வையப் போத்துனது, எடுங்க மொதல்ல! மிஸ் வெர்லீன்! எங்க போனீங்க மிஸ் வெர்லீன்? வந்து பாருங்க, என்ன உயிரோட வேக வைக்கிறாங்க! எனக்கு என் பிள்ள வேணும்! என் பிள்ளையக் கொண்டாந்து குடுங்க!"

கொஞ்சம் மெதுவா மேம், அமைதியா இருக்கணும் மேம் என்று கியானா கெஞ்சிக்கொண்டிருந்தாள். நீ இரு அமைதியா என்று இவள் திருப்பிக் கொடுத்தாள்.

நான் உள்ளே போயிருக்க வேண்டும். இந்த நிலைமையில் நோயாளி சத்தம் போடக்கூடாது. அறையில் வெளிச்சம்கூடக் குறைவாக இருக்க வேண்டும். எனக்குத் தெரியாததா? திரையின் ஓரத்தைக் கையில் பிடித்துவிட்டேன். ஆனால் கை அதற்கு மேல் நகரவில்லை. இப்படி ஒரு நாள், இப்படி ஒரு கட்டிலில், என் கார்லெட்டா யாரையாவது இந்த மாதிரி வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால். கேட்கிற எல்லோரும் முகத்தைச் சுளிக்க, அடாவடிக்காரி என்று எழுத, ஐஸ் கேட்டு, பிள்ளையைக் கேட்டு, அக்கா எங்கடி போய்த் தொலைஞ்ச என்று என்னைக் கேட்டுக் கத்தியிருந்தால். அதைக் கேட்பதற்கு என்னிடம் இருக்கிற எதையும் கொடுத்திருப்பேன்.

"மிஸ் வெர்லீன்!" என்று அவள் மறுபடியும் கத்தினாள்.

"இதோ வந்துட்டேன்டி," என்று திரைக்கு வெளியிலிருந்தே சொன்னேன். இன்னும் ஒரே ஒரு நிமிடம் கத்தட்டும் என்று அங்கேயே நின்றேன்.